உத்தம இருக்கை: ஒற்றை நடைவழி விமானங்களில் சாத்தான்குளம் வட்டாரப் பயணியரின் இடத்தேர்வு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

விமானத்தில் எந்த இருக்கை சிறந்தது என்ற கேள்விக்கு உலகம் இதுவரை கால், முதுகு, கண், சிறுநீர்ப்பை ஆகிய நான்கு உறுப்புகளின் பக்கம் நின்றே விடை தேடியிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் வட்டாரத்தில் இந்த நான்கும் சாட்சி மட்டுமே சொல்லும். தீர்ப்புச் சொல்வது ஐந்தாவது ஒன்று. அது பயணியின் உடம்பில் இல்லை. அவர் தலைக்கு மேலே, மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆய்வின் தேவை

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,351 மீட்டராக இருந்தவரை அங்கே விசிறி சுழலும் சிறிய விமானங்களே வந்துபோயின. அவற்றுள் தலையாயது ஏடிஆர் 72. பக்கத்துக்கு இரண்டு பேர். ஜன்னல் இல்லாவிட்டால் நடைவழி, நடைவழி இல்லாவிட்டால் ஜன்னல். நடு இருக்கை என்ற பிரச்சினையே அதில் கிடையாது. மாவட்டத்து மக்கள் அந்தச் சுகத்தை அனுபவித்தார்களே தவிர, அது சுகம் என்று அறியவில்லை.

2025 ஜூலை 26 அன்று 17,340 சதுர மீட்டர் பரப்பில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டது. ஏர்பஸ் ஏ321 ரக விமானமே இறங்கலாம் என்றார்கள். செய்தித்தாள்கள் இதை வளர்ச்சி என்று எழுதின. ஆய்வுலகின் கவலை வேறு. ஏர்பஸ் வந்தால் பக்கத்துக்கு மூன்று பேர். மூன்று பேர் வந்தால் நடு வரும். அம்பாசடர் காரின் பின்சீட்டில் காலங்காலமாகக் கொழுந்தன்மாரையும் சின்னப் பிள்ளைகளையும் பலிகொண்ட அந்தக் கேள்வி, தூத்துக்குடி வானத்திலும் எழ வழி திறந்துவிட்டது. அதற்குள் கோட்பாடு ஒன்று கைவசம் இருக்க வேண்டாமா?

2. எல்லையும் நெறியும்

நடுவே ஒரே ஒரு நடைவழி, அதன் இருபுறமும் மும்மூன்று இருக்கை; இத்தகைய ஜெட் விமானங்களே இக்கட்டுரையின் களம். இவற்றில் இரண்டு குலங்கள் முக்கியமானவை: ஏர்பஸ் ஏ320 குலம், போயிங் 737 குலம். முன்னதன் உள் அகலம் 3.70 மீட்டர், பின்னதன் அகலம் 3.54 மீட்டர். வேறுபாடு 16 சென்டிமீட்டர். ஒரு வரிசையின் ஆறு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு மூன்று சென்டிமீட்டர்கூடத் தேறாது. ஆனாலும் வரப்புத் தகராறில் அரை அடிக்கு நீதிமன்றம் ஏறிய மண்ணில் இந்த அளவை அற்பம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

தகவலாளர்கள் மூவகையினர். சென்னைப் புறநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் முதல் வகை. மகளின் பேறுகாலத்துக்கு மூன்று மாதம் தங்கப் போகும் ஆச்சிமார் இரண்டாம் வகை. திருவனந்தபுரம் போய், அங்கிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737இல் வளைகுடாவுக்குப் பறக்கும் தம்பிமார் மூன்றாம் வகை. ஆய்வு அறம் கருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. மறைக்காவிட்டால் ஆய்வாளர் ஊருக்குள் வர முடியாது என்பது துணைக் காரணம்.

3. முன்னாய்வுகள்

இடம்பிடித்தல் குறித்த இவ்வட்டார மரபு விமானத்துக்கு மிக முந்தியது. பேருந்து நிலையத்துக்குள் திருநெல்வேலி வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது இதன் செவ்வியல் வடிவம். துண்டு விழுந்த கணத்தில் உரிமை பிறக்கிறது. துண்டின் மேல் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் “இது யாரு துண்டு வே?” என்று விசாரணை தொடங்கும். துண்டுக்குடையவர் படியேறி வரும்வரை துண்டே வாதியாக அமர்ந்திருக்கும். இந்தச் சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட பல சட்டங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது. விமானமோ ஜன்னலைத் திறக்க முடியாதபடி அடைத்து இந்த நீதிமுறையை ஒரே அடியில் ஒழித்துவிட்டு, அதற்குப் பதிலாக இருக்கைக் கட்டணம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது.

பயணச்சீட்டுக்கு மேல் தனியாக ஒரு தொகை கொடுப்பது இக்கரைக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பவரைப் பெரிய மீன்கள் தாக்காதபடி மந்திரத்தால் கட்டுவோருக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதை எழுதியிருக்கிறார். அந்தக் கட்டு பகலில் மட்டுமே செல்லும், இரவானால் அவிழ்த்துவிடுவார்கள். இருக்கைக் கட்டணமும் அவ்வாறே ஒரு பயணத்தோடு அவிழ்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான காலமும் இருந்தது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக்கான கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. பயணிக்குக் குடை கொடுத்து அழைத்த துறைமுகத்தின் வாரிசுகள்தான் இன்று ஜன்னலுக்குத் தனிக்காசு கட்டுகிறார்கள். சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ கப்பல்கள் 1,300 சாதாரண வகுப்புப் பயணியரையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றவல்லவை என்பதும் குறிக்கத்தக்கது. தலைக்கு மூன்று மூட்டை. இந்த விகிதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் பகுதியில் தேவைப்படும்.

4. நெடுக்கு ஆய்வு: ஜன்னல், நடு, நடைவழி

அ. ஜன்னல். தூத்துக்குடியிலிருந்து சென்னை வடகிழக்கில் இருக்கிறது. ஆகவே போகும்போது கடல் வலப்பக்கம், அதாவது எஃப் பக்கம். நிலம் இடப்பக்கம், அதாவது ஏ பக்கம். காலை விமானத்தில் வெயிலும் வலப்பக்கமே விழும். கடல் பார்ப்பவர் கண் கூசிப் பார்க்க வேண்டும். மாலையில் வெயில் இடம் மாறும். கடலைக் குளிர்ந்த கண்ணால் பார்க்கலாம். திரும்பும்போது இவ்வளவும் தலைகீழ். இந்தக் கணக்கை அண்ணாச்சி ஒருவரிடம் படம் போட்டு விளக்கியபோது, “கடலத்தான் தெனம் பாக்கோம், மேலருந்து பாத்தா மட்டும் இனிக்குமா?” என்று அவர் கேட்டது பதிவாகியுள்ளது.

ஜன்னல் இருக்கை என்றால் ஜன்னல் இருக்கும் என்பதும் மூடநம்பிக்கையே. போயிங் 737இல் குளிர்காற்றுக் குழாய்கள் சுவரேறும் இடத்தில், பத்தாம் பதினோராம் வரிசைகளை ஒட்டி, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பலகை இருப்பதுண்டு. இப்படிப்பட்ட இருக்கைகளை ஜன்னலோரம் என்று விற்றதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இரண்டு பெரிய விமான நிறுவனங்கள்மீது வழக்குகள் தொடரப்பட்டன. சாத்தான்குளத்துத் தம்பி யாருக்காவது இந்த இருக்கை வாய்த்தால் வழக்கெல்லாம் போடமாட்டார். பலகையில் சாய்ந்து துபாய் வரை தூங்குவார்.

ஜன்னலுக்கு ஆதரவாக அறிவியல் சொல்வது உடல்நலம். எமரி பல்கலைக்கழகத்தையும் ஜார்ஜியா டெக்கையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பத்து விமானங்களில் ஏறி, யார் எத்தனை முறை எழுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணி, 2018இல் வெளியிட்டார்கள். நடைவழிக்காரர்களில் 80 சதவீதத்தினர் ஒருமுறையாவது எழுந்தார்கள். நடு இருக்கையினரில் 62 சதவீதம். ஜன்னல்காரர்களில் 43 சதவீதம் மட்டுமே. எழாதவரிடம் இருமலும் தும்மலும் நெருங்குவது குறைவு. ஆனால் மீதி 57 சதவீதம் பேர் ஏன் எழவில்லை என்பதற்கு நம் ஊரில் வேறு விளக்கம் உண்டு. நடுவிலும் ஓரத்திலும் மாமனார் முறைக்காரர்கள் அயர்ந்து தூங்கினால், மருமகள் சென்னை வரும்வரை எழமாட்டாள். அதைச் சுகாதாரம் என்று எழுதிவைப்பது தவறு.

ஆ. நடு. பி, இ ஆகிய எழுத்துக்குரியவை. இவ்விருக்கைக்குத் தனக்கென்று சுவரும் கிடையாது, வழியும் கிடையாது. பேருந்தின் மூன்று பேர் இருக்கையில் நடுவில் மாட்டியவருக்கு “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்ற கருவியாவது உண்டு. அதைக் கொண்டு நான்காவது ஆளையே நுழைத்துவிடுவார்கள். விமானத்தில் கைப்பிடிகள் வேலியாக நிற்பதால் தள்ளுவதற்கும் இடமில்லை, தள்ளப்படுவதற்கும் இடமில்லை.

ஒரு குடும்பமாகப் போனால் நடு இருக்கை தானாகவே தீர்ந்துவிடும். பிள்ளைக்கு ஜன்னல், அம்மாவுக்கு நடு, வாங்கிப் போட்ட அப்பாவுக்கு ஓரம். முன்பு காசு கட்டாத குடும்பத்தைக் கணினி மூன்று திசையில் சிதறடித்துவிடும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோர் ஒருவருக்கு அருகிலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்ட பிறகு, அப்பா மட்டுமே சிதறுகிறார்.

அமெரிக்க டைம் இதழ் 2015இல் பழைய விபத்துப் பதிவுகளை அலசி, பின்பகுதியின் நடு இருக்கைகளில்தான் உயிரிழப்பு விகிதம் மிகக் குறைவு, 28 சதவீதம், என்று எழுதியது. யாரும் விரும்பாத இருக்கைக்கு இப்படி ஒரு மகுடம். ஆயினும் இந்தத் தகவலைச் சொல்லி ஆச்சியை நடுவில் உட்கார வைக்க முயல வேண்டாம். அவர் விமானத்தை விட்டே இறங்கிவிடுவார்.

இ. நடைவழி. சி, டி. உணவு வண்டி முழங்கையில் இடிக்கும். வருவோர் போவோர் பை தோளில் இடிக்கும். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் நினைத்தால் எழலாம், நீட்ட நினைத்தால் ஒரு காலையாவது நீட்டலாம். இவை பொதுவாகச் சொல்லப்படும் நன்மைகள். உண்மையான நன்மை வேறு. அது உரிய இடத்தில் வரும்.

5. குறுக்கு ஆய்வு: வரிசைகள்

முதல் வரிசையில் கால் நீட்டலாம்; முதலில் இறங்கலாம். எதிரே இருக்கை இல்லாததால் பையைக் காலடியில் வைக்க வழியில்லை. விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பை முதற்கொண்டு மேலே போய்விட வேண்டும். வெற்றிலைப் பொட்டலம் கைக்கெட்டாத இடத்துக்குப் போவது ஆச்சிமாரால் ஏற்க முடியாத நிபந்தனை.

அவசர வழி வரிசை அடுத்தது. இண்டிகோவின் ஏ320இல் இவை 12, 13. காலுக்குத் தாராளம். ஆனால் சிறுவர், கர்ப்பிணி, இயலாதோர் அங்கே உட்கார முடியாது. உட்கார்ந்தவர் ஆபத்து வேளையில் கதவைத் திறக்க ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒப்புக்கொண்டதை முன்கூட்டியே நிறைவேற்றுவோரும் உண்டு. 2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பவிருந்த விமானத்தில் ஒரு பயணியின் கையால் அவசரக் கதவு தரையிலேயே திறந்துகொண்டது. விமானத்தை முழுக்கச் சோதித்த பிறகே கிளப்பினார்கள். இவ்வரிசைகளுக்கு முன்னாலுள்ள இருக்கைகளின் முதுகு பொதுவாகச் சாயாது. சாய்ந்தால் வழி அடைபடும். ஆகவே அவசர வழி அகலம் என்பது முன்வரிசைக்காரரின் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

13 என்ற எண்ணுக்கு அஞ்சிச் சில அயல்நாட்டு நிறுவனங்கள் அந்த வரிசையையே எண்ணாமல் தாண்டிவிடுகின்றன. சாத்தான்குளத்தில் கிளம்பிப் பேய்க்குளம் வழியாக விமானம் பிடிக்க வருகிறவருக்குப் பதிமூன்றாம் வரிசையில் என்ன பயம்? இங்கே அச்சம் தருவது சனீசுவரனுக்குரிய எட்டாம் எண். கிழமையும் கருதத்தக்கது. செவ்வாய், புதன் வடக்கே சூலம். சென்னைப் பயணிகள் வீட்டிலேயே பால் குடித்துப் பரிகாரம் செய்துவிட வேண்டும். இருக்கைகள் எல்லாம் ஒரே திசை நோக்கியவையாதலால், சூலம் இருக்கைத் தேர்வைப் பாதிக்காது என்பது இவ்வாய்வின் சிறு கண்டுபிடிப்பு.

குலுக்கலுக்கு அஞ்சுவோர் இறக்கையை ஒட்டிய வரிசைகளை நாடலாம். விமானத்தின் எடை சமன்படும் இடம் அங்கே இருப்பதால் ஆட்டம் குறைவு. வாலை நோக்கிப் போகப் போக ஆட்டமும் இரைச்சலும் கூடும். கடைசி வரிசையில் முதுகும் சாயாது. கழிவறை வரிசையில் நிற்பவர்களோடு மணிக்கணக்கில் முகம் பார்த்துப் பழகும் வாய்ப்பும் கிடைக்கும்.

இங்கே வாகைக்குளத்துப் பழக்கக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்னால் இருக்கிறது. முன்பக்கம் சரக்கு அறை. ஆகவே அதில் கடைசி வரிசைக்காரரே முதலில் இறங்குவார். முதல் வரிசைக்குக் காசு கட்டியவர் எல்லோரையும் வழியனுப்பிவிட்டு வருவார். ஏடிஆரில் கற்ற இந்த ஞானத்தை ஏர்பஸ்ஸில் பயன்படுத்தினால் கடைசிக்குக் கடைசியாக நிற்க வேண்டிவரும். அதே ஏடிஆரில் இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலுக்கும் அது தரையை மறைக்காது. விசிறிக்கு நேரான வரிசைகளில் மட்டும் காது பாவம்.

6. பரண் கோட்பாடு

இதுவரை சொன்னவை எல்லாம் உடம்பைப் பற்றியவை. தகவலாளர்கள் இவற்றைப் பொறுமையோடு கேட்டுவிட்டு, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “அது சரி, சாமான எங்க வைக்க?”

தலைக்கு மேலுள்ள சாமான் அறையை இக்கட்டுரை இனிப் பரண் என்றே சொல்லும். பரணேறும் பொருள்களை முதலில் வகைப்படுத்துவோம்.

உடன்குடிக் கருப்பட்டி, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சிறிய உருவம், பெரிய எடை. சோதனைக் கருவியின் திரையில் கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். ஓலைக் கொட்டானில் அடுக்கிய கருப்பட்டி அடர்த்தியான ஆரஞ்சுக் கட்டிகளாகத் தெரிவதால், காவலர் பையைத் திறக்கச் சொல்வது வழக்கம். திறந்த பிறகு “எங்க வாங்கினீங்க?” என்று கேட்பதும் வழக்கம்.

முதலூர் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலில் கிண்டியது. எந்தப் பொட்டலத்தையும் மீறி எண்ணெய் கசியும். பரணில் இதன் பக்கத்து வீட்டுக்காரராக வெள்ளைத் துணிப்பை அமைவது விதி.

தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி, மிச்சமெல்லாம் காற்று. மேலே ஒரு மடிக்கணினி சாய்ந்தால் மாவாகிவிடும்.

முருங்கைக்காய். கைப்பை 55, 35, 25 சென்டிமீட்டருக்குள், ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டும். நேராக வைத்தால் 55 சென்டிமீட்டர் காய் போகும். பையின் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்குக் குறுக்காகச் செருகினால், பித்தாகரஸ் கணக்குப்படி கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் காயும் போகும். எட்டாம் வகுப்போடு நின்ற அண்ணாச்சிமார் இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுவிடுகிறார்கள்.

தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரையை எதிலும் விடமாட்டார்கள், எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்பதால். 2024 அக்டோபரில் சபரிமலை இருமுடிக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை, தேங்காய்க்கு விலக்குத் தந்தார்கள். மகள் வீட்டுக்குப் போகும் தேங்காய்க்கு ஐயப்பன் பொறுப்பேற்கவில்லை.

இப்போது கோட்பாடு. *சாத்தான்குளத்துப் பயணி சாமானைக் கொண்டு போகிறவர் அல்லர். சாமானுக்குத் துணையாகப் போகிறவர். எனவே முதலில் சாமானுக்கு இடம். பிறகு அந்த இடத்துக்கேற்ற இருக்கை.* தலைக்கு மூன்று மூட்டை என்ற சுதேசிக் கப்பல் விகிதம் இங்கே தன் பொருளை அடைகிறது.

இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு கிடைத்தது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இருந்த வானியற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன், விமானத்தில் பயணிகளை எப்படி ஏற்றினால் விரைவாக முடியும் என்று 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு பன்னிரண்டு வரிசை கொண்ட மாதிரி விமானத்தில் 72 பேரைப் பல முறைகளில் ஏற்றிப் பார்த்தார். தொகுதி தொகுதியாகப் பிரித்து ஒழுங்காக ஏற்றியபோது 6 நிமிடம் 54 விநாடி. ஒழுங்கே இல்லாமல் அவரவர் இஷ்டத்துக்கு ஏறியபோது 4 நிமிடம் 44 விநாடி. ஸ்டெஃபனின் சொந்த முறையில் 3 நிமிடம் 36 விநாடி. காரணம் மனிதர் நடப்பதில் இல்லை; சாமான் வைப்பதில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒருவர் வைக்கும்வரை மற்றவர் காத்திருப்பார்கள். விமானம் நெடுகப் பரவி நின்றால் பலர் ஒரே நேரத்தில் வைத்துவிடலாம். விண்மீன்களை ஆராய்ந்தவர் கடைசியில் சாமானிடம் வந்து சேர்ந்தார். ஒழுங்கற்ற கூட்டம் ஒழுங்கான தொகுதியை வென்றது என்பதில் எங்கள் பேருந்து நிலையத்துக்கு நியாயமான பெருமை உண்டு.

கோட்பாட்டிலிருந்து கிளைக்கும் தேற்றங்கள் நான்கு.

ஒன்று: பரணுக்குப் பதிவெண் கிடையாது. காசு கட்டி வாங்கிய இருக்கையின் நேர் மேலே வேறொருவரின் பெட்டி ஏறிவிட்டால் கேட்க முடியாது. அங்கே இன்றும் செல்வது துண்டுச் சட்டம்தான். ஆகவே ஏறச் சொல்லுமுன்பே வாயிலில் போய் நிற்பதை நாகரிகக் குறைவு என்று சிரிப்பவர்கள் பொருளாதாரம் தெரியாதவர்கள். இருக்கை உறுதி, அது ஓடாது. உறுதியில்லாதது பரண்.

இரண்டு: சக்கரம் தரை தொட்டு விமானம் நின்றதும் எழுந்து கழுத்தை வளைத்து நிற்பவரை ஏளனம் செய்யும் கட்டுரைகள் ஏராளம். அவர் அவசரக்காரர் அல்லர். அடுத்தவர் தம் பெட்டியை உருவும்போது மக்ரூன் டப்பா கூடவே சரியும் கணத்துக்காகக் கையை ஏந்தி நிற்கிறார். “தம்பி, பாத்து எடுப்பா, உள்ள பலகாரம் இருக்கு” என்ற குரல் அங்கிருந்து எழுவதே சான்று.

மூன்று: தன் தலைக்கு மேலுள்ள பரணைத் தான் பார்க்க முடியாது. நடைவழிக்கு எதிர்ப்பக்கத்துப் பரணைப் பார்க்கலாம். எனவே சாமான் எதிர்ப்பரணில் இருக்க வேண்டும். பார்ப்பவர் நடைவழியோரம் இருக்க வேண்டும். நான்காம் பகுதியில் நடைவழியின் உண்மையான நன்மை என்று நிறுத்திவைத்தது இதுதான்.

நான்கு: சாமான் தனக்கு முன்னே இருக்கலாம், பின்னே இருக்கக் கூடாது. பின்னே இருந்தால் விமானமே காலியாகும்வரை நீரோட்டத்துக்கு எதிரே நீந்த வேண்டும்.

இவற்றைச் சேர்த்தால் விடை கிடைக்கிறது. முதல் சில வரிசைகளின் பரணைப் பணிக்குழுவின் கருவிகள் பிடித்துக்கொள்ளும், அவை தள்ளுபடி. எட்டு, சனிக்குரியது, தள்ளுபடி. அதற்கும் பின்னே போனால் இறங்கத் தாமதம். எஞ்சுவது ஏழாம் வரிசை. எழுத்து சி. சாமான் ஆறாம் வரிசையின் எதிர்ப்பரணில். இதுவே உத்தம இருக்கை.

7. தடையும் விடையும்

*பதினைந்து கிலோ சாமானை விமானத்தின் வயிற்றில் போட அனுமதி இருக்க, பரணுக்கு ஏன் இத்தனை பாடு எனின்,* அன்று. வயிற்றில் போடும் சாமானை யார் எப்படி எறிவார் என்பது போடுபவருக்குத் தெரியாது. கருப்பட்டி எறிவதைத் தாங்கும், முருங்கைக்காய் ஓரளவு தாங்கும், மக்ரூன் தாங்காது. மக்ரூன் உள்ளவரை பரணும் உண்டு.

*வழியிலேயே பிரித்துத் தின்றுவிட்டால் சுமையும் தீரும், கோட்பாடும் தேவைப்படாதே எனின்,* அதுவும் அன்று. பறக்கும்போது விமானத்தின் உள்ளழுத்தம் ஏறத்தாழக் கொடைக்கானல் மலைமேல் இருப்பது போன்ற நிலைக்கு வந்துவிடும், காற்றும் வறண்டிருக்கும். இந்த நிலையில் நாக்கு எப்படி வேலை செய்கிறது என்று லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் 2010இல் சோதித்தது. உப்புச் சுவை 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் குறைந்து தெரிந்தன. அப்படியானால் வானத்தில் மஸ்கோத்தைப் பிரித்துத் தின்பது ஆறில் ஒரு பங்கு நட்டம். கடை வைத்திருக்கும் எந்த அண்ணாச்சியும் இதற்கு உடன்படமாட்டார். உப்பளத்து ஊரில் பிறந்தவர் விமானத்துக் கடலையில் உப்பில்லை என்று குறைசொன்னால், குறை கடலையில் இல்லை என்பதும் இங்கே பெறப்படும்.

*சாமானே கொண்டுபோகாத பயணிக்கு இக்கோட்பாடு பொருந்தாதே எனின்,* அப்படியொருவரை இவ்வட்டாரத்தில் ஆய்வு காணவில்லை. ஒருவர் வெறுங்கையோடு கிளம்ப எண்ணினாலும், செய்தி கேள்விப்பட்ட மைனியோ பெரியம்மாவோ வண்டி ஏறுமுன் “இத மட்டும் அவகிட்ட குடுத்துருப்பா” என்று ஒரு பையை நீட்டிவிடுவார். அந்தப் பை எப்போதும் ஏழு கிலோவைத் தாண்டும்.

*திரும்பும்போது பை காலியாகிவிடுமே, அப்போது ஜன்னல் கொள்ளலாமே எனின்,* கொள்ளலாமென்று தோன்றும், ஆகாது. பலகாரம் போன சம்படமும் தூக்குவாளியும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த பயணத்துக்குச் சாமான் கிடைக்காது. காலிச் சம்படம் பரணில் உருளும். உருண்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். எனவே திரும்பும் பயணத்திலும் கண் பரணில்தான் இருக்கும். ஏழு சி இருதிசைக்கும் பொது.

8. முடிவுகளும் மேலாய்வுக்கான களமும்

இணையத்தில் இருக்கை வரைபடம் காட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் விலை போடும் நிறுவனங்கள், பரணையும் கட்டம் கட்டி விற்றால் இவ்வட்டாரத்தில் நல்ல வியாபாரம் நடக்கும். ஜன்னலுக்கு யோசிப்பவர்கள் பரணுக்கு யோசிக்கமாட்டார்கள். வாயிலில் கூட்டமும் குறையும். ஸ்டெஃபனின் 3 நிமிடம் 36 விநாடியையும் எட்டிப்பிடிக்கலாம்.

அதைவிட முக்கியமான களம் பக்கத்திலேயே உருவாகிறது. திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டங்களில் எடுத்த நிலத்தில், குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து கிளம்பவிருக்கும் சிறிய ஏவுகலமான எஸ்எஸ்எல்வியில் ஜன்னல் இல்லை, நடு இல்லை, நடைவழி இல்லை, கழிவறை வரிசை இல்லை. இருக்கையே இல்லை. முழு வண்டியும் சாமானுக்கே. பரண் கோட்பாட்டின் தருக்க எல்லை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதைக்கு அது தூக்கும் எடை 500 கிலோ. உடன்குடிக் கணக்கில் 50 சிப்பம் கருப்பட்டி.